மூன்று பிளாஸ்திரி

மத்தியானம் இரண்டு மணிக்கு
எங்கள் தெருவில் எந்தக் குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான்.
திருநகரில் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டிகள்
சித்திரை முழுக்க அடுப்பில்லாமல் காய்கின்றன.
விரல் பட்டதும் உஸ்ஸென்று இழுத்துக்கொண்டு
அங்கயற்கண்ணி கேட்பாள்:
"இதுக்குத்தான் பிளேன் ஏறிப் போனியாக்கும்?"

போனது அதற்கில்லை.
வால்வு கழற்றி மாட்டப் பழகிவரச் சொல்லி
கப்பலூர் கம்பெனி மூன்று மாதம் அனுப்பியது.
ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
பக்கத்து மெஷின் மொரியாமா
இரண்டே பெட்டி ரயிலில் என்னை ஏற்றிக் கூட்டிப்போனான்.
கடைசி ஸ்டேஷனில் இறங்கியது
நாங்கள் இருவரும் ஒரு முள்ளங்கிக் கட்டோடு ஒரு பெண்ணும்.

ஆற்றோரம் பதினெட்டு வீடு, எண்ணினேன்.
சாக்கடையிலிருந்து ஆவி.
எங்களூரில் சாக்கடை ஆவி விட்டால்
கவுன்சிலரைத் தேடுவோம்.
அங்கே அதன் பக்கத்துத் தொட்டியில் கூடையை இறக்கி
முட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள்.
தீபாவளிக்கு மறுநாள் விடிகாலை
தெருவெல்லாம் அடிக்குமே, அதே கந்தகம்.
ஒரு நிமிஷம்
மூக்கு ஏமாந்து ஊருக்குப் போய்த் திரும்பியது.

ஹாரன் இல்லை. மைக்செட் இல்லை.
கூரைப் பனி சரியும்போது மட்டும்
யாரோ மூட்டையைத் தோளிலிருந்து இறக்கியதுபோல்
பொத்.

குளிக்கும் இடத்து வாசலில் ஒரு பலகை.
மொரியாமா அதைப் படித்துவிட்டு
என் முன்கையைப் பார்த்தான்.
பச்சை குத்தியவர்கள் இறங்கக் கூடாதாம்,
அது அங்கே அடியாட்களின் அடையாளமாம்.
நான் எந்த ஊர் அடியாள்?
பத்தொன்பது வயசில்
தெப்பத் திருவிழாக் கூட்டத்தில்
பேட்டரி மெஷின்காரனிடம்
எழுத்துக்குப் பத்து ரூபாய் பேசிக் குத்திக்கொண்டது.
எட்டு எழுத்து. கையில் இருந்தது எழுபது.
புள்ளிக்குக் காசில்லை என்று கழித்தான்.

கல்லாவிலிருந்த அம்மாள் சிரிக்காமல்
ஒரு பெட்டியை நீட்டினாள்.
தோல் நிறப் பிளாஸ்திரி, அவர்கள் தோல் நிறம்.
என் கையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது.
முதலாவதில் அங்க போனது.
இரண்டாவதில் யற்க.
மூன்றாவதையும் ஒட்டிய பிறகு
ணியின் வளைவு மட்டும் வெளியே எட்டிப்பார்க்க,
அவள் பார்க்காததுபோல்
துண்டை மடிக்கப் போய்விட்டாள்.

ஆறு வயசுக்குப் பிறகு
ஆம்பளைகள் நடுவே அம்மணமாய் நின்றதில்லை.
அரைஞாண் கயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கால் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
தலையில் பனி, கழுத்துக்குக் கீழே உலை.
அப்புறம் தோள்பட்டையில்
அழுத்தமானி முள் மெல்ல மெல்ல
பூஜ்ஜியத்துக்கு இறங்கியது.
எத்தனை வருஷமாய் அது ஏறிக்கொண்டிருந்தது என்று
அப்போதுதான் தெரிந்தது.

பத்தாம் நிமிஷம் முதல் பிளாஸ்திரி கழன்றது.
தோணிபோல் மிதந்து
எதிரே இருந்தவர் மார்பில் போய் ஒட்டியது.
அவர் அதை எடுத்துப் பார்த்தார்,
என் கையைப் பார்த்தார்,
கல்விளிம்பில் பத்திரமாய் வைத்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டார்.

என்ன அர்த்தம் என்று மொரியாமா சைகையில் கேட்டான்.
ஈரக் கல்லில் விரலால்
ஒரு மீன் வரைந்தேன். கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.
ஆ, ஆ, என்று பலமாய்த் தலையாட்டினான்.
அன்றிரவு எல்லோருக்கும் காளான்,
எனக்கு மட்டும் தலையோடு ஒரு மீன்.
சாப்பிட்டு முடிக்கும்வரை
அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முட்டை, பனி, முள்ளங்கி எல்லாம் சொல்லியாயிற்று.
பிளாஸ்திரியை மட்டும் இரண்டு வருஷமாய்ச் சொல்லவில்லை.
இன்றைக்குக் குழாயடியில்
பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்:
"மூணும் நீயா ஒட்டுனியா,
அவன் ஒட்டிவிட்டானா?"

நான்தான் என்றேன்.

என் கையை இழுத்து
குழாய்க்கு அடியில் பிடித்தாள்.
சுட்டது.
தெருமுனையில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது.
இரண்டு பேருமே
குடத்தை எடுக்கப் போகவில்லை.