கை பொறுக்கும் சூடு

கோவை கணபதியில் ஒரு பட்டறை.
ஊதா ஒளிக்குள் நாற்பது நொடி.
பாலித்தீன் தாள் எரியவில்லை, சுருங்கவில்லை;
மேல்தோல் மட்டும்
கண்ணுக்குத் தெரியாமல் சிராய்த்துக்கொண்டது.
இடி விழுந்தபின் வரும் வாசனை.

மணி பதினொன்று.
"ஆறு மணி நேரந்தான்" என்றாள் மெர்லின்.
"அதுக்கு மேல காயம் ஆறிடும்.
அப்புறம் எதைப் பூசினாலும் உரிஞ்சு வரும்."

அலுமினியத் தாளில் சுருட்டி
மடியில் வைத்துக்கொண்டு
கோத்தகிரி பஸ் ஏறினேன்.

குஞ்சப்பனைச் சாவடி.
"பிளாஸ்டிக்கா? மலைக்கு மேல போகாதும்மா."
பசுமைக்குடிலுக்கு சார், என்றேன்.
கூரையில் கோத்த நீர் சொட்டிச் சொட்டி
குடைமிளகாய் நாற்று அழுகுது சார்.
மயிரிழையை ஐயாயிரமாய்ப் பிளந்தால் எவ்வளவோ
அவ்வளவு சின்ன மணல் இருக்கு,
அதைப் பூசினால் நீர் முத்தாகாது, படுத்துவிடும், என்றேன்.
"லெட்டர் இருக்கா?"

பஸ் போய்விட்டது.

சட்டையில் துரைக்கண்ணு என்று பெயர்.
மேலதிகாரிக்குப் போன் போட்டார். டவர் இல்லை.
மீண்டும் போட்டார்.
நாலேகால்.

என்னிடம் இருந்தவை
எவர்சில்வர் ஃபிளாஸ்கில் அரை லிட்டர் கரைசல்,
கம்பி சுற்றிய ஒரு தடி,
முக்கால் மணி நேரம்.
"இங்கேயே பூசிக்கிறேன் சார்."
என்ன நினைத்தாரோ,
பறிமுதல் மேசையிலிருந்து
தண்ணீர் பாட்டில்களைக் கையாலேயே ஒதுக்கித் தள்ளினார்.

ஒரே இழுப்பு.
இனி உலர ஐம்பது டிகிரி வேண்டும்.
எண்பது தாண்டினால் தாள் பொரித்த அப்பளம்.
அடுப்புக்கு எங்கே போக?
வனத்துறை ஜீப் அப்போதுதான் ஏறி வந்து நின்றது.
பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன்,
எடுத்தேன்.
கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தேன்.
பத்து எண்ணும் வரை தாங்குகிறது.
ஒரு முனையை நான், மறுமுனையை அவர்
பிடித்து விரித்தோம்.
கீழ்வளைவில் மூடுபனி
லாரிக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது.

இரவு தாள் சாவடியில் தங்கியது.
மறுநாள் கடிதத்தோடு போய் மீட்டேன்.

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி
பிளேடால் நூறு கட்டம் கீறி
டேப் ஒட்டி
வெடுக்கென்று இழுத்தேன்.
தொண்ணூற்றேழு நின்றன.
போன மாதத் தாளில் நின்றவை பதினொன்று.
மெர்லினுக்கு எண்ணை மட்டும் அனுப்பினேன்.
அவள் திருப்பி அனுப்பியது ஒரு கேள்விக்குறி,
"அவன் எந்த மாடல்?"
ஜீப், என்றேன்.

இப்போது நஞ்சா கவுடரின் குடிலில்
விடிகாலை.
மற்றத் தாள்களில் துளிகள் தொங்குகின்றன, சொட்டுகின்றன.
நம் தாளில் நீர் கண்ணாடியாய்ப் படுத்து
ஓரத்து வாய்க்காலுக்கு வழிகிறது.
மூலையில் மட்டும்
பத்து ரூபாய் நாணயம் அளவு ஓரிடம்.
அதில் ஏழெட்டு முத்து.

"இந்த இடத்துல ஏன் பிடிக்கல?"
ஒருத்தர் பெருவிரல், என்றேன்,
மலைக்குப் பிளாஸ்டிக் வராமல் பார்த்துக்கொள்பவர்.

கவுடர் அண்ணாந்து பார்த்தார்.
பிறகு குனிந்து
அதன் நேர்கீழே இருந்த நாற்றைப் பெயர்த்து
ஒரு சாண் தள்ளி நட்டார்.