மூன்று நிமிட உதை

வேல்ஸில் இந்த மார்ச் மாதம் கெல்லி ஓடை
பளிங்காக ஓடுகிறது. அதை நம்பாதே என்று
எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
இதில் ஒரு பூச்சிகூட மிஞ்சாமல் போன அந்த வாரம்
தண்ணீர் இதைவிடத் தெளிவாக இருந்தது.

என் தொழுவத்துச் சாணக்குழி உடைந்த இரவு
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
விடியும்போது ஆல்டர் மரத்தடியில்
மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி
ஒன்றின்மேல் ஒன்றாய் ஒதுங்கிக் கிடந்தன.
புகார் கொடுத்தவள் ஹெயில்வென்.
அபராதம் கட்டினேன். எட்டு மாடுகளை விற்றேன்.
ஒன்றரை வருடம் கழித்து அவளே ஃபோன் செய்தாள்:
"எனக்கு முட்டி போய்விட்டது, டெகிட்.
உதைக்க ஆள் வேண்டும். உனக்குக் கால் இருக்கிறது."
அவ்வளவுதான் பேச்சு. வந்துவிட்டேன்.

வலையைக் கீழ்ப்பக்கம் ஊன்றி
அதற்கு முன்னால் படுகையைக் கிளற வேண்டும்.
மூன்று நிமிடம், ஒரு நொடி கூடாது, குறையாது.
அவள் கரையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பாள்.
குளிர் பூட்ஸுக்குள் இறங்கி
விரல்களை ஒவ்வொன்றாய் வாங்கிக்கொள்ளும்.
பிறகு இன்னொரு நிமிடம், குனிந்து,
கல்லைக் கல்லாய்ப் புரட்டி அடிப்புறம் தேட.

வெள்ளைத் தட்டில் ஊற்றினால் முதலில் வெறும் மண்.
பொறு.
மண் எழுந்து நடக்க ஆரம்பிக்கும்.
மணலை ஒட்டித் தைத்த சட்டைக்குள் ஒரு புழு,
சட்டையோடு தன்னை இழுத்துக்கொண்டு.
பக்கவாட்டில் படுத்து நீந்தும் நன்னீர்க் கூனிகள்.
நசுக்கிவிட்டதுபோல் தட்டையாய்
மேஃப்ளை குஞ்சுகள், மூன்று வாலோடு.
அவள் கரண்டியால் பிரிப்பாள், நான் எழுதுவேன்.
ஒரு வகையில் ஒன்பது இருந்தாலும் மதிப்பெண் ஒன்று;
பத்தாவது வந்தால் இரண்டு.
பால் விற்றவனுக்கு இந்தக் கணக்கு
இன்னும் சரியாகப் படியவில்லை.

கூட்டினோம். ஐந்து.
ஆறுக்குக் கீழே போனால்
ஆற்று அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.
போன மாதம் ஏழு இருந்தது.

அப்போதுதான் தட்டின் மூலையில் அதைப் பார்த்தேன்.
இரண்டு வால்.
"ஹெயில்வென், கல் ஈ!"
என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது,
ஏலத்தில் கையைத் தூக்கியவன்போல.
குழி உடைந்த பிறகு இங்கே ஒரு கல் ஈ வந்ததில்லை.
அழுக்கை அரை நாளும் பொறுக்காத ஜென்மம் அது.
அது வந்தால் ஆறு.
அது வந்தால் ஃபோன் வேண்டாம்.
அது வந்தால்

"வயிற்றைப் பார்," என்றாள்.
பூதக்கண்ணாடியை நீட்டினாள். அவள் பார்க்கவில்லை.

பார்த்தேன்.
வயிற்றின் இரு ஓரமும் செவுள்கள்,
வரிசையாய், விசிறி விசிறி,
மூச்சுக்குத் தவிக்கும் சின்னச் சின்ன இலைகள்.
கல் ஈக்கு அங்கே ஒன்றும் இருக்காது.
மூன்றாவது வால் ஒடிந்த இடத்தில்
ஒரு புள்ளி மட்டும் மிச்சம்.
ஒடித்தது என் பூட்ஸாகவும் இருக்கலாம்.

மேஃப்ளை பத்தியில் ஏற்கெனவே பன்னிரண்டு.
அடித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினேன்.
மதிப்பெண் நகரவில்லை.

ஓடைக்கு மேலே மூன்று பண்ணைகள்.
ஒன்று என்னுடையது.
புதுக் குழி, புதுக் கான்கிரீட்,
நேற்று மாலைகூடச் சுற்றி வந்து பார்த்தேன்.
ஆனாலும் பார்த்தது இருட்டிய பிறகு.

ஹெயில்வென் ஃபோனை எடுத்தாள்,
கையுறையைக் கழற்ற முடியாமல் திணறினாள்.
நான் வாங்கிக்கொண்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
"கெல்லி ஓடை, பாலத்துக்குக் கீழே, ஐந்து," என்றேன்.
பெயர் கேட்டார்கள்.
எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.
மறுமுனையில் விசைப்பலகை சட்டென்று நின்றது.
அந்தப் பெயரில் அவர்களிடம் ஒரு கோப்பு இருக்கிறது.
"ஆமாம், அவன்தான்.
என் பண்ணையிலிருந்தே ஆரம்பியுங்கள்."

தட்டைத் தண்ணீரில் சாய்த்தேன்.
ஒற்றை வால் குறைந்தது கடைசிவரை
பீங்கானைப் பற்றிக்கொண்டிருந்தது.
இன்னொரு முறை சாய்க்க வேண்டியிருந்தது.