மாத வருமானம், எண்ணிலும் எழுத்திலும்

இசட் புள்ளி வெளியாகி
வந்தாறுமூலை எனக்கென்று உறுதியான கிழமை
ஏழு பக்கப் படிவமொன்று
மண்டூருக்கு வந்தது.
உதவிப்பணம் வேண்டுமென்றால்
எவ்வளவு இல்லை என்பதை முதலில்
கையொப்பத்தோடு சொல்ல வேண்டும்.

பெயர்: சாமித்தம்பி அபிசாளினி.
கற்கைநெறி: விவசாயம்.
சகோதரர் மூவர், பள்ளிக்கூடம் போவோர் இருவர்.
இதுவரை பேனை நிற்கவில்லை.
தகப்பனார் தொழில்: வாவியில் வலை வீசுதல்.
மாத வருமானம்:
அப்பாவைப் பார்த்தேன்.
அப்பா முகட்டைப் பார்த்தார்.

மாதம் என்று ஒன்று வாவிக்குத் தெரியாது.
கச்சான் காற்றுத் தெரியும்,
முகத்துவாரம் வெட்டிவிட்ட நாள் தெரியும்.
எட்டு நாள் வெறும் வலை.
ஒன்பதாம் நாள் இறால்.
அதில் பாதி கடைக்காரரின் கொப்பிக்கு.

கிராம சேவகர் கந்தோர்.
வாங்கில் ஏழெட்டுப் பேர்,
அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர் உட்பட.
துஷ்யந்தி மிஸ் நிமிர்ந்து கேட்டா:
"மாதம் எவ்வளவு வரும் அண்ணன்?"
அப்பா தொண்டையைச் செருமினார்.
சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டினார்.
"ஒரு எண்பதாயிரம் வரும்."

எண்பதாயிரம்!
மகாபொலவும் போனது, பேசரியும் போனது,
நான் இன்னும் காணாத விடுதியின்
கட்டிலும் போனது.
மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.
செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்த கால்,
அசையவில்லை.

பொய் என்று அதைச் சொல்ல மாட்டேன்.
அம்மாவிடம், மாமாமாரிடம், வகுப்புக் காசு கேட்ட சேரிடம்
இத்தனை வருசமாய்
"பாத்துக்கொள்ளலாம்" என்று சொன்னதை
அன்றைக்கு இலக்கத்தில் சொன்னார்.

மிஸ் எழுதவில்லை.
"அது நல்ல மாதத்தில, என்ன?
மாரியில?"

அப்பா பேசவில்லை.
கடன் கொடுத்தவர் எழுந்து வெளியே போய்
சைக்கிள் டயரை அமத்தி அமத்திப் பார்த்தார்.
காற்று நிறையத்தான் இருந்தது.
அந்த உபகாரத்தை எழுத
ஏழு பக்கத்திலும் கட்டமில்லை.

முப்பத்தோராயிரம்.
எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை.
முத்திரை விழுந்த சத்தத்துக்கு
அப்பாவின் தோள் சற்றே துள்ளியது.

பிறகு பாதையில் ஏறினோம்.
எங்கள் ஊரில் பாதை மிதக்கும்,
மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் சுமந்து
குருமண்வெளிக்குப் போகும்.
அங்கிருந்து களுவாஞ்சிக்குடி வங்கி,
என் பெயரில் ஒரு புத்தகம் திறக்க.
முதல் காசு வர
மூன்று நாலு மாதம் செல்லுமாம்,
போன வருசம் போன அக்கா சொன்னா.
அதுவரை என்ன செய்வது என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் பாத்துக்கொள்ளலாம் என்பார்.

நடு வாவியில்
தண்ணீரைப் பார்த்தபடி அப்பா:
"மிஸ் கடைசியா என்ன போட்டவ?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
பக்கத்து ஆளுக்குக் கேட்காத குரலில்,

"அவ்வளவு வருதா புள்ள எனக்கு?"