ஆணி

மல்ஹாஸின் படத்தை மாட்டியது நான்தான்.
அடுப்புக்கு இடப்பக்கச் சுவரில்,
குத்தாயிசியில் பாதிப் பேர்
ரொட்டிக்கு வரிசை நிற்கும் இடத்தில்.
திபிலிசிக்காரர்களின் இரண்டு பெனால்டியை
ஒரே இரவில் அவன் தடுத்த வாரம் அது.
படத்தில் காற்றின்மேல் படுத்திருந்தான்,
விரல் நுனியில் பந்து.

அந்த மாதம் அவனிடம் காசு வாங்கவில்லை.
படகுபோல் இரு முனையும் கூர்த்த ரொட்டியைச்
சூடு ஆறுமுன் தாளில் சுற்றிக் கையில் வைப்பேன்.
சியாலா தன் கைக்குழந்தையைத் தூக்கி வந்து
அவன் கையுறையைத் தொடவைத்தாள்.
கறிக்கடைக்காரன் எலும்பில்லாத துண்டாய்ப் பார்த்து அனுப்பினான்.
நம்ம பையன், என்றோம்.
நம்ம என்ற சொல்
மாவைவிட மலிவு.

அக்டோபர். மழை. கடைசி நிமிடம்.
சின்னப் பிள்ளை உதைத்தால்கூட
இன்னும் வேகமாய் வந்திருக்கும் அந்தப் பந்து.
நனைந்த கையுறையில் பட்டு, நழுவி,
இரு கால்களுக்கும் நடுவே
விருந்தாளிபோல் உள்ளே போயிற்று.

மறுநாள் வரிசையில் யாரோ கேட்டார்கள்:
‘இது இன்னும் இங்கேயா?’
யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கை தானாக மேலே போனது.
உண்மையைச் சொல்கிறேன்,
யாரும் கேட்டிருக்காவிட்டாலும் போயிருக்கும்.

என் அடுப்பின் வாய்க்கு இரும்பு மூடி உண்டு,
ஊர் வாய்க்குத்தான் இல்லை.
ஊர் என்றால் யார்?
மாவு ஒட்டிய இந்த விரல்கள்தான்.

நான்கு நாள் கழித்து வந்தான்.
வரிசையின் கடைசியில் நின்றான்.
முறை வந்தபோது சுவரைப் பார்த்தான்:
புகை படியாத வெளிர்ச் சதுரம்,
அதன் மேல் ஓர் ஆணி.
ஒன்றும் சொல்லாமல் காசை எண்ணி வைத்தான்.
நானும் எண்ணி எடுத்தேன்.
பத்து தெத்ரி குறைந்தது.
குறைகிறது, என்றேன்.
அதைச் சொன்ன நாக்கு
இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மாலை,
ரியோனி ஆற்று மேட்டுத் தேவாலயம்.
தேன்மெழுகுத் திரி ஒன்று வாங்கி உள்ளே போனால்
தூணோரம் நிற்கிறான் அவன்.
வென்ற வாரத்திலும் அதே தூண்தானாம்.
பள்ளிக்கூடப் பையனாய் இருந்தபோதும் அதே தூண்,
மெழுகு விற்பவள் சொன்னாள்.
நாங்கள் அவனைக் கண்டுபிடிப்பதற்கு
எத்தனையோ காலம் முன்பு.

எதிரே இரட்சகரின் முகம்.
பழம்புகை, ஒரு கண்ணோரம் உதிர்ந்த சாயம்.
அந்தக் கண்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.
தடுத்த கை, தவறவிட்ட கை என்று பிரிக்காமல்
வெறும் கையாக.
அங்கே வரிசை இல்லை. எடைக்கல் இல்லை.

எனக்கு ஆறுதலாய் இருந்திருக்க வேண்டும்.
இல்லை.
இடப்பக்கம் நகர்ந்தேன், கண்கள் வந்தன.
கதவோரம் ஒதுங்கினேன், அங்கும் வந்தன.
அவனைப் பார்த்த அதே பார்வை
படத்தைக் கழற்றிய என்மேலும்,
ஓர் இழை குறையாமல்.
திட்டியிருந்தால் தேவலை.
குறைகிறது, என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்
எங்கேயாவது புரட்டிக்
கொடுத்துத் தீர்த்திருப்பேன்.

ஏப்ரலில் மறுபடி ஒன்றைத் தடுத்துவிட்டான்.
வரிசையில் இப்போது கேட்கிறார்கள்:
‘படம் எங்கே? நம்ம பையன் படம்?’
மாவு மூட்டைக்குப் பின்னால்,
முகம் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தது.
எடுத்துத் துடைத்தேன்.
ஆணிவரை போன கையை இறக்கினேன்.
மாட்டத் தெரிந்த கை அது,
கழற்றவும் தெரியும்.

அவன் வந்தான். சட்டைப்பையைத் துழாவினான்.
வாங்குவதா, வேண்டாம் என்பதா?
ரொட்டி உள்ளங்கையைச் சுட்டது.
எல்லோரிடமும் வாங்கும் விலையை வாங்கினேன்.
பத்து தெத்ரியை மட்டும்
தாளின் மடிப்புக்குள் திருப்பி வைத்தேன்.
பார்த்தானோ என்னவோ.

ஆணியில் இப்போது
அடுப்புத் துணி தொங்குகிறது.