ஐம்பது லக்ஸ்

மினசோட்டாவின் ஏதோ ஒரு ஏரி.
பனிக்கட்டி அறுக்கும் ஏழு பேர், ஒரு குதிரை.
கேமரா மூடுவதற்குள் அது திரும்பிவிட்டது,
இரண்டு முகம் அதற்கு.

விளக்கச் சீட்டில் அறுபது சொல்தான்.
குதிரைக்கே நாற்பது போய்விட்டது ஷெல்பி ஓஸ்ட்ரமுக்கு.
டெலானி சிவப்புப் பேனாவால் குதிரையை அடித்தார்.
சரி என்றாள்.

மூன்று மாதம் சுவரில்,
மங்கலாக, ஐம்பது லக்ஸ்.
பிறகு ஐந்து வருடம் இருட்டில் கிடக்க வேண்டும் படம்,
பட்ட வெளிச்சம் ஆற.

அவள் ஃபெலோஷிப்போ
இன்னும் பத்து மாதம்.
அதற்குப் பின் எந்த ஊர், எந்த வேலை, தெரியாது.

பெட்டியை மூடினாள்.
மூடியில் பென்சிலால் திறக்கும் தேதி.
அதன் கீழே, யாரென்று தெரியாத ஒருவருக்கு,
சின்னதாக:
முதலில் குதிரையைப் பாருங்கள்.