பின்னேரக் கொத்து

"ரோபோ வந்தால் உங்கட வேலை போகும், நவாஸ்தீன் நானா."
தகடு இரண்டும் ஒரு கணம் நின்று
திரும்ப அடித்தன.
"அது உப்புப் பார்க்குமா?"

மூலை மேசையில் கிறகரி
மனிசன் மீனிலிருந்து வந்தவன் என்கிறான்,
மீன்குழம்பைத் தொட்டுக்கொண்டே.

சத்தியரூபனுக்கு இது ஒன்றும் போதாது:
துறைமுக நகரத்துக்காகக் கடலைத் தூர்த்த
இயந்திரத்தை எல்லாம் எரிக்கவேணும்,
பிறகு மனிசரும் குறையவேணும்,
இனி ஒரு பிள்ளையும் வேண்டாம் பூமிக்கு.

வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து
ஒரு கபரகொய்யா ஏறி
காலி வீதியைக் கடக்கிறது.
நூறாம் நம்பர் பஸ் பிரேக் போட்டுக் காத்திருக்கிறது.
ஒருத்தரும் கதைக்கவில்லை.

போன் அடிக்கிறது.
"ஓம், ஓம்... பால்மா, நானூறு கிராம்தானே?"
சத்தியரூபன் எழும்பிப் போகிறான்,
கொத்து பாதியில்.

நானா அதன்மேல்
இன்னொரு பீங்கானைக்
கவிழ்த்து வைக்கிறார்.