பன்னிரண்டு அட்டை

அட்டைக்கு முப்பது முட்டை.
பன்னிரண்டு அட்டை சுமந்த டூ ஸ்ட்ரோக் வண்டி
இந்த மாசி பிறந்ததிலிருந்து
எட்டுக்கு மேல் சம்மதிக்கவில்லை.
புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டும்வரை
மரியாதையாக வரும்.
காரைக்குடி மேம்பாலத்தில் பாதி ஏறி
என் காலைக் கேட்கும்.
இறங்கித் தள்ளுவேன்.
பின்னால் வரும் மினி பஸ்காரன்
"அடைகாக்குதா மாமா?" என்பான்.

ஆரோக்கியம் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான்,
கார்புரேட்டரை ஊதினான்,
கடைசியில் சைலன்சரின் வாலுக்குள் விரலை விட்டு
என் முன்னால் நீட்டினான்.
அதிரசம் சுட்ட சட்டியின் அடிபோல
தடித்த, ஈரக் கரி.
"ஆயிலை அளவில்லாம ஊத்தியிருக்க.
விட்டுட்டுப் போ, டீசல் ஊத்திக் கொளுத்திடுறேன்.
பத்தே நிமிஷம்."
முன்பு கொளுத்திய கதை
அவன் இடது புருவத்தில் இருக்கிறது.
அங்கே முடி முளைப்பதில்லை.
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொன்னழகுக்குச் சாயப்பட்டறையில் வேலை.
கண்டாங்கி நூலோடு பதினோரு வருஷம்.
எனக்கு முட்டை தெரிகிற மாதிரி
அவளுக்குக் காஸ்டிக் சோடா தெரியும்:
எப்போது தொடலாம், எப்போது கூடாது.

சனி ராத்திரி முழுக்க வண்டி ஆறிக் கிடந்தது.
அப்படியும் ஞாயிறு காலை
புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான்
நட்டைத் தொடவிட்டாள்.
"எஞ்சின் பக்கம் ஒரு சொட்டு போகக் கூடாது,
அலுமினியத்தத் தின்னுடும்."
அங்கே மட்டும், பிஸ்டன் வாயை அடைத்து நிற்க,
மூங்கில் சிம்பால் சுரண்டினேன்.

முழங்கைவரை ரப்பர் உறை. கண்ணுக்குக் கண்ணாடி.
கொல்லையில், காற்று முதுகில் அடிக்கும்படி நின்றாள்.
பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர்,
பிறகுதான் சோடா, கொஞ்சம் கொஞ்சமாக.
"தண்ணிக்குள்ளதான் இது போகணும்.
இதுக்குள்ள தண்ணி போனா
மூஞ்சிக்கு வந்துடும்."
அடுப்பில்லாமல் வாளி சுட்டது.

பதினேழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும்
இந்தக் குரலை நான் கேட்டதில்லை.
சோற்றுக்கும் சண்டைக்கும்
வேறு குரல் வைத்திருக்கிறாள்.

சைலன்சரின் அடிவாயை அடைத்து
செங்கற்களுக்கு நடுவே நட்டு, ஊற்றினோம்.
மேல்வாயை நான் மூடப் போனேன்.
"மூச்சு விடட்டும்" என்றாள்.
பக்கத்து வீட்டு வாண்டு கை வைக்காதபடி
கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம்.
கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்தோம்.
அவை இரவெல்லாம் முறையிட்டன.

திங்கள் விடியலில் சாய்த்தபோது
கறுப்புக் கூழ், நின்று நின்று இறங்கியது.
மூன்று வருஷம்
இதை முதுகில் வைத்துக்கொண்டா ஓடியது?

வாளியோடு வாய்க்கால் பக்கம் நடந்தேன்.
"எங்க போற?"
வாய்க்கால் ஊருணிக்குப் போகிறது.
எங்கள் தெரு ஊருணித் தண்ணீரில்தான்
சோறு வடிக்கிறது.
அவள் அதைச் சொல்லவில்லை.
நான் திரும்பி வந்தேன்.

பட்டறையில் கழிவுக்கென்று தொட்டி உண்டு,
சுத்தம் செய்துதான் வெளியே விடுவார்களாம்.
மூடி இறுகும் கேனில் கூழை ஊற்றினோம்.
உறை போட்ட விரலில் வழவழப்புப் போகும்வரை
அலசினோம், அலசினோம்.
அந்தத் தண்ணீரும் கேனுக்குத்தான்.
வெயிலில் காயவைத்து, புது வாஷர் போட்டு,
நடுத்தெருவில் நிறுத்தி உதைத்தேன்.
கொஞ்சம் ஆவி கக்கியது.
பிறகு சுத்தமான ஒரு சத்தம்,
எதிர்வீட்டு நாய் எழுந்து பார்த்தது.

முட்டை இல்லாத முதல் சவாரி.
பின்னால் பொன்னழகு.
முன்னால், அட்டை வைக்கும் பெட்டியில்
நிமிர்த்திக் கட்டிய கேன்,
வண்டியின் கரியை வண்டியே சுமந்தபடி.

மேம்பாலம் வந்தது.
பழக்கத்தில் காலை எடுத்துத் தரையில் வைக்கப் போனேன்.
வண்டி கேட்கவில்லை.